வரப்போகும் தலைவரின் கையொப்பம்

மனு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரே ஒரு வரி இருந்தது: தலைவரின் கையொப்பம் இல்லை. கொண்டுவந்தவர் அதை என் தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்தார்.

"அவரு இன்னும் வரலியே சார். நான் எங்க போய்க் கையெழுத்து வாங்கிக்கினு வர்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. தாமதமாக வரும் ரயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் திருவள்ளூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். நெருக்கடி நிலை அமலில் இருந்ததால் நான் அனுப்பியவற்றில் மழையளவும் கோயில் உற்சவமும் மட்டும் தவறாமல் அச்சேறின. மீதிப் பொழுதில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்து பிறருக்கு மனு தட்டிக் கொடுத்தேன். சங்கம் பதிவு செய்யும் மனுக்கள் எனக்குப் பழக்கம். ரிக்‌ஷாக்காரர்கள், நெசவாளர்கள், வெற்றிலை வியாபாரிகள் என்று எத்தனையோ சங்கங்களுக்குத் தட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் தலைவர்தான் முதலில் வருவார். சங்கம் பிறகு வரும். தலைவர் வராத சங்கம் இது ஒன்றுதான்.

வந்தவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். நாற்பது வயது தாண்டியவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் உருகிய இரும்பை ஆட்களின் தலைக்கு மேலே சிந்தாமல் நகர்த்துகிறவர். அந்த வேலை அவர் பேச்சிலும் இருந்தது. ஒரு சொல்லைத் தூக்கினால் அதை இறக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் தூக்குவார்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் அப்போது நான்கு ஜெபக்கூடங்கள் இருந்தன. நான்கும் ஒரு காலத்தில் ஒன்று. ஆர்மோனியம் யார் வீட்டில் இருப்பது என்பதில் முதல் பிரிவு வந்தது. வெளியூர்ப் போதகருக்கு மாலை போடவேண்டியவர் தலைவரா செயலாளரா என்பதில் இரண்டாவது. மூன்றாவதற்குக் காரணம் கேட்டேன்.

"லெட்டர்பேடு சார். தலைவர் பேரு செயலாளர் பேர விட சின்ன எழுத்துல பிரிண்ட் ஆயிடுச்சு."

அந்த மூன்றாவது பிரிவுக்குப் பின் மிஞ்சியவர்கள் முப்பது குடும்பம். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது கிரேன்காரர் எழுந்து ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். யூதர்களின் பழைய தீர்க்கதரிசிகள் ஒரு ராஜா வருவார் என்று சொல்லிவைத்தார்கள். வெட்டிய மரத்தின் அடியிலிருந்து துளிர்ப்பதுபோல, அழிந்த ஒரு ராஜவம்சத்திலிருந்து அவர் வருவார். ஏசுதான் அந்த ராஜா, ஒருமுறை வந்துபோனார், முடிசூட மறுபடி வருவார் என்பது இவர்கள் நம்பிக்கை. சபைக்குத் தலைவர் அவர்தான் என்று ஒவ்வொரு ஞாயிறும் பாடவும் செய்கிறார்கள். பாடுவதையே தீர்மானமாகப் போட்டுவிட்டால் என்ன? தலைவர் பதவி நிரம்பியாகிவிட்டது, ஆள் வந்துசேரவில்லை, அவ்வளவுதானே?

எல்லோரும் கை தூக்கினார்கள். எங்கள் பத்திரிகை நடையில் சொன்னால், போட்டியின்றித் தேர்வு. கிரேன்காரர் அங்கேயே ஒரு வாக்கும் கொடுத்தார்: இந்தச் சபையில் எந்த மனிதனும் தலைவர் என்று கையெழுத்துப் போடமாட்டான், நானும் போடமாட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்தச் சபை உடையவில்லை. நான் செய்தி சேகரித்த சங்கம் எதுவும் ஏழு வருஷம் உடையாமல் இருந்ததில்லை. வராத தலைவரிடம் ஒரு சௌகரியம் உண்டு. அவர் யார் பக்கமும் சாயமாட்டார்.

வினை ஒரு சாலையின் உருவில் வந்தது. தொழிற்பேட்டையை விரிவாக்கப் போட்ட புதுச் சாலை, புறம்போக்கில் இருந்த அவர்களுடைய கொட்டகையின் நடுவே ஓடியது. மாற்று இடம் தருவோம், ஆனால் பதிவு செய்த சங்கத்துக்குத்தான் தருவோம் என்று பேட்டை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் பதிவு எண் வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். முப்பது குடும்பமும் பழைய மூன்று கூடங்களுக்கே திரும்பவேண்டியதுதான். எந்தச் சண்டையிலிருந்து வெளியே வந்தார்களோ, அந்தச் சண்டை அங்கே அப்படியே இருந்தது.

நான் அவரோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் நாமமும் காதில் பென்சிலும் ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை. விதியில் இருப்பதைச் செய்வார். இல்லாததைச் செய்யமாட்டார்.

"தலைவரோட தகப்பனார் பேர்னு ரெண்டு பேர் எழுதியிருக்கே?" என்றார் அவர்.

"ஒண்ணு மேல கீறவரு சார். இன்னொண்ணு வம்சம். ஆடு மேய்ச்சுக்கினு இருந்து ராஜா ஆனாரே, அவரு வம்சத்துலதான் வரணும்னு எழுதிக்கீது."

"ரெண்டுல ஒண்ண அடிங்கோ. தொழில்ங்கற எடத்துல ராஜான்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"ராஜாக்களையெல்லாம் கவர்மெண்ட் ஒழிச்சு நாலஞ்சு வருஷம் ஆச்சேய்யா. மானியமும் கெடையாது, பட்டமும் கெடையாது. பெரிய பெரிய சமஸ்தானத்துக்கே இல்லை."

"இவரு வரப்போற ராஜா சார்."

"வரப்போறவாளையும் சேத்துத்தான் ஒழிச்சிருக்கு."

பிறகு சங்கத்தின் நோக்கம் என்ற பத்திக்கு வந்தார். 'ஆட்சியைத் தம் தோள்மேல் சுமக்கும் அரசருக்காகக் காத்திருத்தல்' என்று அதில் இருந்தது. கிரேன்காரர் சொல்லச் சொல்ல நான் தட்டியது.

"இப்ப இருக்கற நாள்ல இதை நான் மேல அனுப்பினா, எந்த ஆட்சி, என்னிக்கு மாறப்போறதுன்னு கேட்டுண்டு போலீஸ்காரர் உங்க வீட்டுக்கு வருவார். அதோட, காத்திருக்கறது ஒரு நோக்கமே இல்லை. அது இங்க எல்லாரும் பண்றதுதான்." பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். பெஞ்சு ஆமோதித்தது.

நான் அந்த இடத்திலேயே நோக்கத்தை அடித்து, 'ஆன்மிக, கல்வி, சமூக மேம்பாடு' என்று எழுதினேன். வெற்றிலை வியாபாரிகள் சங்கத்தின் நோக்கமும் அதுதான்.

கிரேன்காரர் நகரவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பெருமாள் பேர்ல நெலம் கீது, பட்டா கீது. அவரு எந்த ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டாரு?"

 குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி கேட்கப்பட்ட சந்தோஷம்தான் வந்தது.

"சட்டப்படி ஸ்வாமி மைனர்யா. மைனர் சொத்தைக் கார்டியன் பாத்துப்பார். மேலும் எங்க பெருமாள் வந்தாச்சு. படுத்துண்டிருக்கார், ஆனா வந்தாச்சு. நடை தெறந்தா யார் வேணா சேவிச்சுக்கலாம். உங்களவர் வந்தவரா, வரப்போறவரா? அதை மொதல்ல சொல்லுங்கோ."

"ஒரு தபா வந்துட்டுப் போய்ட்டாரு சார். மறுக்கா வருவாரு."

"அப்போ முன்னாள் தலைவரா?"

எங்களுக்குப் பின்னால் ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றிருந்தார். "லீவுல கீறாருன்னு எழுதிக்கோ நைனா, மேட்டர் முடிஞ்சுது," என்றார்.

"லீவுன்னா சேங்ஷன் பண்ணினது யாரு?" என்று குமாஸ்தா அவரையும் விடவில்லை. கடைசியில் மனுவைத் திருப்பி எங்களிடம் நீட்டினார். "ஒண்ணு பண்ணுங்கோ. யாராவது ஒருத்தர் 'தலைவர்'னு போட்டு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 'பொறுப்பு'ன்னு போடுங்கோ. எங்க ஆபீசரே பொறுப்புதான். ரெண்டு வருஷமா."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம் கூடியது. மனுவை உடனே திருத்தித் தரவேண்டும் என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். நான் கடைசி வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். குமாஸ்தா சொன்ன மைனர் விஷயம் எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. கடைசல் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் அதைப் பிடித்துக்கொண்டார். ராஜா குழந்தையாய்ப் பிறப்பார் என்றுதானே தீர்க்கதரிசி சொன்னார்? குழந்தை என்றால் மைனர். மைனர் என்றால் கார்டியன் கையெழுத்துப் போடலாம்.

"அது கிறிஸ்மஸ்க்குப்பா," என்றார் ஒருவர். "நாம காத்துக்கினு கீறது ரெண்டாவது வருகைக்கு. மேகத்து மேல வர்றவரு மைனரா?"

"கார்டியன்னா யாரு?" என்று கிரேன்காரரின் மனைவி கேட்டார். அவர் ஒரு ரசாயன ஆலையில் மூட்டை தைப்பவர். "அவங்க அம்மாவா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பொழுது சாய்வதற்குள் மாதாவைக் கும்பிடும் கத்தோலிக்கர்களாகிவிடுவோமோ என்ற பயம் கூட்டத்தில் தெரிந்தது. மைனர் யோசனையைக் கைவிட்டார்கள்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஆலையின் ஸ்டோரில் பொறுப்பாளர். எல்லாரையும்விட வெள்ளையான சட்டை போட்டிருந்தார். "யாருக்கும் இஷ்டம் இல்லன்னா நானே போட்டுடறேன். எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல."

ஆசை இல்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்தவர்களைப் பற்றி நான் நிறையச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அந்த முப்பது குடும்பமும் மூன்று பிரிவினைகளில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்தவர்கள். எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் கிரேன்காரர் பக்கம் திரும்பின.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் போட்டா வாக்குப் போச்சு. போடலன்னா கொட்டக போச்சு."

"கொட்டகையில நின்னுக்கினுதான வாக்கு குடுத்தே?" என்றார் அவர் மனைவி.

கிரேன்காரர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தொழில்முறையில் ஒரு வழி தோன்றியது. சில கட்சிகளில் தேர்தலுக்குச் சீட்டுக் கொடுக்கும்போதே தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றை வாங்கிப் பூட்டிவைப்பது உண்டு. அதைச் சொன்னேன். பொறுப்புத் தலைவர் என்று மனுவில் கையெழுத்துப் போடுங்கள், அதே மூச்சில் ராஜினாமாவிலும் போடுங்கள். ராஜினாமா யாருக்கு? வரப்போகும் அரசருக்கு. அவர் வந்த கணத்திலிருந்து அது செல்லும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடி எழுத முடியுமா சார்?"

மறுநாள் தட்டிக் கொடுத்தேன். 'தாங்கள் வந்தருளும் அந்தக் கணமே, வேறு அறிவிப்பு ஏதுமின்றி, இப்பொறுப்பிலிருந்து நான் விலகியவன் ஆகிறேன்' என்று இருந்தது. அவர் அதை மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுவில் அவருடைய கையெழுத்து கோணலாக இருந்தது. ராஜினாமாவில் நேராக இருந்தது. நான் எந்தக் கூடத்தையும் சேராதவன் என்பதால் கடிதத்தை என் மேஜை இழுப்பறையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மார்ச் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பதிவு எண் வந்தது. மாற்று இடம் ரசாயன ஆலைக்குப் பின்னால் கிடைத்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் ஞாயிறுகளில் ஜெபத்தின்போது எல்லோர் கண்ணிலும் நீர் வழியும். புதிதாக வந்த ஒரு போதகர் அதை ஆவி இறங்கிய எழுப்புதல் என்று எண்ணி, இன்னும் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார்.

நான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழிற்பேட்டைச் செய்திகளுக்காக அங்கே போவேன். முதல் ஆண்டுக் கூட்டத்தின் நடவடிக்கைப் புத்தகத்தைக் கிரேன்காரரே எனக்குக் காட்டினார். 'தலைவர் வராததால் பொறுப்புத் தலைவர் தலைமை வகித்தார்' என்று முதல் வரி. எழுதுவதற்கு முன் எல்லோரும் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்களாம். அப்படிப் பார்க்கவேண்டும் என்று ஒரு விதி இல்லை. அவர்களாகப் பார்த்தார்கள்.

ரப்பர் ஸ்டாம்பு செய்யக் கொடுத்தபோது, வட்டத்துக்குள் 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை என்று கடைக்காரர் அதை விட்டுவிட்டார். கிரேன்காரர் ஒரு வாரம் அந்த ஸ்டாம்பைத் தொடவில்லை. இரண்டாவது வாரம் பேட்டை அலுவலகத்தில் அவசரமாக ஒரு கடிதம் கேட்டார்கள். தொட்டார்.

நாற்காலி விஷயமும் அப்படித்தான். முதலில் அதன் பக்கத்தில் நின்றார். பிறகு நுனியில் உட்கார்ந்தார். நான் மூன்றாவது முறை போனபோது நன்றாகச் சாய்ந்திருந்தார், நான் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை. குடியரசு தினத்தன்று பேட்டையில் கொடியேற்றினார்கள். முன்வரிசையில் அவருக்கு இடம் போட்டிருந்தார்கள். ரயிலில் கூட வருகிறவர்கள் "தலைவரே, கொஞ்சம் நவுந்து உக்காரு" என்று கிண்டல் செய்தார்கள். அவர் நகர்ந்து உட்கார்ந்தார், ஆனால் கிண்டலைத் திருத்தவில்லை.

அவர் வேலையை நன்றாகவே செய்தார் என்பதையும் எழுதவேண்டும். கூடத்துக்குக் குழாய் வந்தது. கடைசல் பட்டறை இளைஞரை வேலையிலிருந்து நிறுத்தியபோது இவர் ஸ்டாம்பு வைத்த கடிதத்தோடு போய்ப் பேசித் திரும்பச் சேர்த்துவிட்டார். சபையும் உடையவில்லை. வராத தலைவர் செய்துகொடுத்ததைவிட வந்த தலைவர் அதிகம் செய்தார் என்று வெள்ளைச் சட்டைக்காரர்கூட ஒப்புக்கொண்டார், சற்று வருத்தத்தோடு.

மூன்றாவது வருஷம் ஓர் அமாவாசை நாளில் கிரேன்காரர் தம் மனைவியோடு என் மாடிப்படிக்கு வந்தார். பெருமாள் கோயில் குளத்துக்கு வந்த கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி வந்திருந்தார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தக் கடுதாசி கீதா சார்?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் இந்த முறை எழுத்துக்கூட்டாமல் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கிறீங்க. ஆனா ஓட்ட கீது சார்."

"என்ன ஓட்டை?"

"ஆந்திரா பார்டர்ல, தடா ஊரு பக்கத்துல ஒருத்தன் வெள்ள அங்கி போட்டுக்கினு, நான்தான் அவருன்னு சொல்லிக்கினு சுத்துறான். அவன்கிட்டயும் ஜனங்க போவுது. நாளைக்கு அவன் நம்ம கூடத்து வாசல்ல வந்து நின்னா இன்னா ஆவும்? இதுல 'வந்தருளும் அந்தக் கணமே'ன்னு கீது. வேற அறிவிப்பு இல்லாம நான் வெலகிட்டேன்னு ஆயிடும் இல்ல? ஸ்டோர்காரர்தான் பாயிண்ட் எடுத்தாரு."

"அவன் போலி என்று உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார். சட்டத்துக்குத் தெரியணுமே."

இந்த வாக்கியத்தை நான் வேறு ஒரு ஜன்னலில் கேட்டிருக்கவேண்டும் என்று தோன்றியது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். என்ன சேர்க்கவேண்டும் என்று செயற்குழுவில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்திருப்பவர் முன்னறிவிக்கப்பட்ட அரசர்தானா என்பதைத் தலைவரும் செயற்குழுவும் விசாரித்துத் திருப்தி அடைந்து, தீர்மானம் நிறைவேற்றிய பிறகே இந்த ராஜினாமா செல்லும்.

"எதை வைத்து விசாரிப்பீர்கள்?"

"வம்சம், பொறந்த ஊரு, அத்தாட்சி. எழுதினது எல்லாம் ஒத்துப்போவுதான்னு பாக்கணும் இல்ல?"

"எத்தனை நாளைக்குள் என்று போடட்டுமா?"

யோசித்தார். "நாள் போட வேணாம் சார். இந்த மாதிரி விஷயத்துல அவசரப்படக் கூடாது."

"எத்தனை காப்பி?"

"ரெண்டு. பைலுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

கடிதம் யாருக்கு எழுதியதோ அவருக்கு ஒன்று வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. தாளைச் செருகினேன். அதுவரை படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அவர் மனைவி, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அவரு மொத தபா வந்தப்பவும் கமிட்டி போட்டுத்தான் விசாரிச்சாங்க. வம்சம் கேட்டாங்க, ஊரு கேட்டாங்க, அத்தாட்சி கேட்டாங்க. எல்லாத்தயும் கேட்டுட்டு இன்னா பண்ணாங்க?"

கிரேன்காரர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். உருகிய இரும்பு தலைக்கு மேலே பாதி வழியில் நிற்பதுபோல அது அவர் கையிலேயே நின்றது. பிறகு அவர் சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அது வேற கமிட்டி," என்றார். "நீங்க தட்டுங்க சார். மூணு மணி பஸ்ஸ உட்டா பேஜாரு."